கைப்பையில் இருந்த கடிதம்

வானொலியில் இருந்த பதினெட்டு ஆண்டுகளும் நான் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான்: சத்தமில்லாமல் போய்விடுவதற்கு. எங்கள் நிலையத்தில் ஒலிபரப்பு பத்து வினாடி மௌனமானால் தாழ்வாரத்தில் ஒரு சிவப்பு விளக்கு மின்னத் தொடங்கும். அதைப் பார்த்ததும் பொறியாளர் பாதி குடித்த தே தாரிக் தேநீரை அப்படியே வைத்துவிட்டு ஓடி வருவார். என் காலத்தில் அந்த விளக்கு இரண்டு முறை மின்னியது. ஒரு முறை இயந்திரக் கோளாறு. இன்னொரு முறை எனக்கு விடாமல் வந்த தும்மல். இரண்டுக்கும் மேலிடத்துக்கு விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். தும்மலுக்கு எழுதிய கடிதம்தான் நீளம்.

அந்தப் பயம் உடம்பில் ஊறிவிட்டது. மின்தூக்கியில் முன்பின் தெரியாத ஒருவரோடு நின்றாலும் எனக்குள் எண்ணிக்கை ஓட ஆரம்பித்துவிடும். ஒன்று, இரண்டு, மூன்று. நாலு வருவதற்குள் மழையைப் பற்றியாவது பேசியிருப்பேன். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியில் எதிர்வீட்டுக்காரர் இறந்தபோது, எல்லோரும் வாயடைத்து உட்கார்ந்திருக்க, நான் மட்டும் அவர் மனைவியிடம் மோனோரயில் சத்தம் முன்னைவிடக் குறைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அம்மா என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார். தவளையும் தன் வாயால்தான் கெடும் என்று அவர் சொல்லவில்லை. அதை நானே போய்த் தெரிந்துகொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காலை ஆறு முதல் பத்து வரை என் நிகழ்ச்சி. நேயர்கள் அழைப்பார்கள். ஒருவருக்கு நாற்பது வினாடி. அதற்குள் பெயர், ஊர், யாருக்கு வாழ்த்து, என்ன பாட்டு எல்லாம் முடிந்தாக வேண்டும். ஆனால் மனிதர்கள் நாற்பது வினாடிக்குள் அடங்குகிறவர்களா என்ன? செராஸிலிருந்து ஒரு அம்மா பாட்டுக் கேட்க ஆரம்பித்து, முட்டிவலிக்குப் போய், மருமகளிடம் வந்து நிற்பார். சுங்கை வேயில் தொழிற்சாலை வேலை முடித்து வந்தவர், படுத்தால் தூக்கம் வரவில்லை என்பார். இவர்களை மனம் நோகாமல் வழியனுப்ப நான் ஒரு வழி வைத்திருந்தேன். குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "கவலைப்படாதீங்க, நான் பாத்துக்கிறேன்" என்பேன். சொல்லும்போதே என் வலது கை பாட்டை ஏற்றிவிடும். அவர்கள் நன்றி சொல்வதற்குள் முன்னிசை வந்து மூடிவிடும். இதில் யாரும் ஏமாறவில்லை. பார்த்துக்கொள்வது என்றால் பாட்டுப் போடுவது என்று பேசுகிறவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கட்சிக்காரர்கள் என்னைத் தேடி வந்தது என் அறிவுக்காக இல்லை. அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. "உங்க குரல் எல்லார் வீட்டுலயும் இருக்கு" என்றார் வந்தவர். எனக்கும் அப்போது ஸ்டூடியோவில் இருப்புக்கொள்ளவில்லை. பதினெட்டு ஆண்டுகளாக அதே நாற்காலி, அதே கண்ணாடிச் சன்னல். சரி என்றேன். கிள்ளான் பக்கத்துத் தொகுதி ஒன்றில் நிறுத்தினார்கள். தாமான் தாமானாக, குடியிருப்பு ஒன்றுவிடாமல், நடந்தோம். மலாய், சீன வீடுகளின் முன்னால் எனக்கு வியர்த்துக் கொட்டியது, அங்கே நான் யாரோ ஒருத்தி. தமிழ் வீடுகளில் கதவைத் திறப்பதற்கு முன்பே வணக்கத்தை வைத்து அடையாளம் கண்டுகொண்டார்கள். ஒரு அக்கா என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுப் பசங்க ரெண்டும் உங்க குரலக் கேட்டுத்தான் ஸ்கூலுக்கு எந்திரிச்சாங்க" என்றார். அன்றே ஜெயித்துவிடுவோம் என்று எனக்குத் தெரிந்தது.

ஜெயித்தேன். நாடாளுமன்ற உறுப்பினரை இங்கே வைபி என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கும் சொந்தப் பெயர் போய் அதுவே நிலைத்தது.

நாடாளுமன்றக் கூட்டம் இல்லாத நாள்களில் சேவை மையம். ஒரு பக்கம் மோட்டார் சைக்கிள் பட்டறை, மறுபக்கம் பூக்கடை, நடுவில் நான். பொறுமையும் கூர்மையுமான ஒரு பெண் எனக்கு உதவியாளராக இருந்தார். வருகிறவர்களுக்கு வரிசை எண் கொடுத்து, என்ன விஷயம் என்று ஒரு நோட்டில் எழுதி, என்னிடம் அனுப்புவார். சாக்கடை அடைப்பு, வீட்டு விண்ணப்பம், பள்ளி மாற்றம். எதிரே உட்கார்ந்தவர் சொல்லி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். ஒரு வினாடி, இரண்டு வினாடி. உடனே என் வாய் திறந்துகொள்ளும். கவலைப்படாதீங்க, நான் பாத்துக்கிறேன். பாதி விஷயங்களைப் பார்த்தேன், சத்தியமாக. மீதியை நோட்டு பார்த்துக்கொண்டது. முன்பு கையை நீட்டினால் பாட்டு இருக்கும். இங்கே கையை நீட்டினால் எதிரே இன்னொருவர் உட்கார்ந்திருந்தார்.

அப்படி வந்தவர்தான் அந்த அண்ணன். பண்டமாரானில் வீடு. துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டுகிறவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கூடவே மகளும் வந்திருந்தாள். மகள் என்றால், பிறந்த பதினோராம் நாள் கைக்கு வந்த பிள்ளை. பெற்றவள் ஒரு காகிதமும் வைக்காமல் போய்விட்டாள். இவரும் மனைவியும் நீதிமன்றம் வழியாக முறைப்படி தத்தெடுத்து வளர்த்தார்கள். மனைவி காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் குடியுரிமை என்ற இடத்தில் மட்டும் இந்த நாட்டின் பெயர் இல்லை. அதனால் ஐ.சி. எனப்படும் அடையாள அட்டை இல்லை. இரண்டு முறை குடியுரிமைக்கு விண்ணப்பித்து, இரண்டு முறையும் இல்லை என்று வந்துவிட்டது. மூன்றாவது விண்ணப்பம் உள்ளே இருந்தது. இந்த வழியில் விண்ணப்பிக்க ஒரு வயது வரம்பு உண்டு, அவள் அதன் விளிம்பில் நின்றாள். இதுவும் போனால் நான்காவது கிடையாது.

அவள் ஐந்தாம் படிவத்தோடு பள்ளியை முடித்துவிட்டு, பொலிடெக்னிக்கில் மின்னியல் படிக்க ஆசைப்பட்டாள். கைத்தொலைபேசியில் அதன் விண்ணப்பப் பக்கத்தைத் திறந்து என்னிடம் காட்டினாள்.

"மொத கட்டத்துலயே ஐ.சி. நம்பர் கேக்குது ஆன்டி. பன்னெண்டு நம்பர். அது இல்லாம அடுத்த பக்கமே தொறக்க மாட்டேங்குது. அடுத்த பக்கத்துல என்ன கேப்பாங்கன்னுகூட எனக்குத் தெரியாது."

அண்ணன் அவளைப் பேசாமல் இருக்கச் சொல்லிக் கையமர்த்தினார். "வைபிகிட்ட வந்துட்டோம்லா, இனி என்ன" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "லோரில உங்க குரலக் கேட்டுக்கிட்டேதாம்மா இத்தன வருஷம் ஓட்டியிருக்கேன். ரெண்டு தடவ நானா போயி கெடுத்துட்டேன். இந்தத் தடவ நீங்க சொல்றபடிதான் செய்வேன். நீங்க போன்னு சொன்னா போவேன்" என்றார்.

நான் சொன்னேன். என்ன சொன்னேன் என்று எழுத வேண்டியதில்லை. அன்றே ஒரு பரிந்துரைக் கடிதமும் எழுதி அனுப்பினேன். ஒன்றும் செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. நல்ல முகூர்த்தம், எனக்கு மட்டும் நாலு கல்யாணம். தொகுதியில் பத்திரிகை வைத்தவர் வீட்டுக்குப் போகாவிட்டால் அடுத்த தேர்தல்வரை சொல்லிக் காட்டுவார்கள். மண்டபத்துக்குள் நுழைவது, மேடை ஏறுவது, அட்சதை, படம், ஒரு வாய் கேசரி, இறங்குவது. காலில் சக்கரம் கட்டிக்கொண்ட பிழைப்பு. மூன்றாவது மண்டபத்தின் வாசலில் அந்த அண்ணன் நின்றார், மாப்பிள்ளைக்கு ஏதோ உறவாம். என்னைப் பார்த்ததும் சட்டைப் பையிலிருந்து மடித்த கடிதத்தை எடுத்து இரண்டு கைகளாலும் நீட்டினார்.

"நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்காங்கம்மா. தேதி உள்ள போட்டிருக்கு. ரெண்டு சாட்சியும் கூட்டிட்டு வரணுமாம். நான் எல்லாத்துக்கும் ரெடி. எப்படிப் போறது, யாரப் பாக்கிறதுன்னு நீங்க ஒரு போன் பண்ணிச் சொல்லிட்டீங்கன்னா போதும்."

பின்னால் நாதஸ்வரம் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் என் முழங்கையைப் பிடித்து மேடைப் பக்கம் இழுத்தார். கடிதத்தை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தேன். "கவலைப்படாதீங்கண்ணே, நான் பாத்துக்கிறேன்." அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாக இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நல்லது செய்துவிட்டதுபோலவே இருந்தது.

அந்தக் கைப்பையில் அன்று வாங்கிய பத்திரிகைகளே ஏழெட்டு இருந்தன.

அதன் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். காலையில் நாடாளுமன்றத்துக்குப் போகும் வழியில் கூட்டரசு நெடுஞ்சாலையில் நெரிசலில் நின்றுகொண்டிருந்தேன். உதவியாளர்தான் காரை ஓட்டினார். அண்ணனின் மகளிடமிருந்து அழைப்பு வந்தது.

"ஆன்டி, அப்பா உங்ககிட்ட ஒரு லெட்டர் குடுத்தாரா?"

"எந்த லெட்டர்மா?" என்று கேட்கும்போதே என் கை பைக்குள் போய்விட்டது. கைக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவில், மடித்தது மடித்தபடியே இருந்தது. பத்திரிகை மூலையில் தடவியிருந்த மஞ்சள் அதன்மேலும் ஒட்டியிருந்தது. பிரித்துப் பார்த்தேன். தேதி போய் பத்து நாள் ஆகியிருந்தது.

"இருக்கா ஆன்டி?"

"இருக்கு."

"நேத்து வேற லெட்டர் வந்திருக்கு. நேர்காணலுக்கு வரலன்னு பைலை மூடிட்டாங்களாம். காரணம் காட்டி அப்பீல் பண்ணலாம்னு போட்டிருக்கு. பதினாலு நாள்தான் டைம்."

அப்புறம் அவள் பேசவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. "கவலைப்படாதேம்மா, நான்..." என்று ஆரம்பித்தேன்.

"ஆன்டி, தயவுசெஞ்சு அத மட்டும் சொல்லாதீங்க."

வைத்துவிட்டாள். நெரிசல் நகரவே இல்லை. முன்னால் நின்ற லோரியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கைகால் பரபரத்தது. ஏதாவது செய்ய வேண்டும், இப்போதே, இந்த நிமிஷமே. எனக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான்.

அன்று மதியம் அவையில் எனக்குப் பேச நேரம் இருந்தது. வேறு விஷயம் தயார் செய்திருந்தேன். அதை ஓரமாக வைத்துவிட்டு அடையாள அட்டை இல்லாத பிள்ளைகளைப் பற்றிப் பேசினேன். பெயர் சொல்லாமல் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னேன். பன்னிரண்டு எண்கள் கேட்கும் கட்டத்தைச் சொன்னேன், அடுத்த பக்கத்தைப் பார்க்காதவளைச் சொன்னேன். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? கூச்சலுக்குப் பேர்போன அவை அடங்கிக் கேட்டது. உட்கார்ந்தபோது இரண்டு பக்கமும் மேசையைத் தட்டினார்கள்.

பேச்சின் நடுவில், "ஒரு கடிதம், ஒரு தேதி, எங்கோ ஒரு தவறுதல்" என்று சொன்னேன். எங்கோ. என் கைப்பை அப்போது என் காலடியில்தான் இருந்தது.

சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு எல்லார் கைத்தொலைபேசிக்கும் போய்விட்டது. முதலில் அழைத்தவர் அண்ணன்.

"லோரிய ஓரங்கட்டிட்டுப் பாத்தேம்மா. பின்னாடி ஹார்ன் அடிக்கிறான், நான் நகரவே இல்லியே. எம்மவளப் பத்தி நாடாளுமன்றத்துல பேசிட்டீங்க. இனி முடிஞ்ச மாதிரிதான்."

அடுத்த நாள் அவளிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. ஆன்டி என்று இல்லை, வைபி என்று ஆரம்பித்திருந்தாள். 'வைபி, அப்பா அப்பீல் பாரத்துல கையெழுத்துப் போட மாட்டேங்கிறார். நீங்க பேசிட்டீங்களாம், இனிமே எதுக்குன்னு கேக்கிறார். உங்க பேச்ச இதுவரைக்கும் ஆறு தடவ பாத்துட்டார். இன்னும் பன்னெண்டு நாள்தான் இருக்கு.'

வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு என்பார்கள். அந்தச் சர்க்கரையும் போதாதென்று இன்னும் ஒரு மூட்டையைக் கொண்டுபோய் அவர் தலையில் கொட்டியிருக்கிறேன். அன்று முழுக்க என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வீட்டுக்குள் சமையலறைக்கும் சன்னலுக்கும் நடந்தேன். கீழே சாலையில் பூமாலைக் கடைக்காரர்கள் சாமந்தியைக் கொட்டித் தொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் போல் கைக்கு வேலை இருந்திருந்தால் தேவலை என்று தோன்றியது.

சனிக்கிழமை பண்டமாரானுக்குத் தனியாகப் போனேன். கொள்கலன் லோரிகள் கிளப்பும் தூசி அந்தத் தெருவின் எல்லா வீட்டு வாசல்களிலும் படிந்திருந்தது. அண்ணன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கடையிலிருந்து வாங்கி வந்த பலகாரத்தைத் தட்டில் வைத்தார். மகள் மேசைமேல் பாரத்தை விரித்து வைத்துவிட்டு நின்றாள். நேர்காணலுக்கு வராததற்கான காரணம் என்று ஒரு கேள்வி, கீழே மூன்று வெற்று வரிகள்.

நான் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டுச் சொன்னேன். "அண்ணே, உங்க லெட்டர நான் படிக்கவே இல்ல. பையில வச்சேன், மறந்துட்டேன். நான் அவையில பேசினது அவங்க மூடுன பைலைத் தொறக்காது. இந்தப் பாரம்தான் தொறக்கணும்."

அவர் மகளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அன்னிக்கு லீவு போட்டிருந்தேம்மா" என்றார் மெதுவாக. "காலையில ஆறு மணிக்கே சட்டைய அயர்ன் பண்ணிப் போட்டுக்கிட்டேன். பக்கத்து வீட்டுக்காரரும் அவரு சம்சாரமும் சாட்சிக்கு வர்றதா ரெடியா உக்காந்திருந்தாங்க. நீங்க போன் பண்ணுவீங்கன்னு பாத்தேன். மதியம் வரைக்கும் பாத்தோம். அப்புறம், வைபியே நேர்ல போயி பேசி முடிச்சிருப்பாங்கன்னு நெனச்சேன்."

"என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்லப்பா" என்றாள் மகள்.

"ஒனக்குச் சொல்லி, நீ டென்சனாயி... எதுக்குன்னு விட்டுட்டேன்."

எனக்கு அழுகை வரவில்லை. என் மேலேயே ஆத்திரமாக வந்தது. அயர்ன் பண்ணிய சட்டையோடு ஒரு மனிதர் காலை முழுக்கத் தொலைபேசிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அன்று நான் எங்கே இருந்தேன் என்று பிறகு நாள்காட்டியில் பார்த்தேன். ஒரு கூடைப்பந்துப் போட்டியைத் திறந்து வைத்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அண்ணன் பேனாவை எடுத்தார். "சரி, நான் மறந்துட்டேன்னு போட்டுர்றேன். ஒங்க பேரு எதுக்கும்மா இதுல வரணும். நாலு பேருக்கு நல்லது செய்ற எடத்துல இருக்கீங்க."

"மறந்துட்டேன்னு போட்டா ஏம்ப்பா தொறப்பாங்க?" மகளின் குரல் உயரவில்லை. "அவ்ளோதான் அக்கறைன்னு நெனச்சுக்குவாங்க. நீங்க மறக்கல. நீங்க மறந்தீங்கன்னு எழுதி வாங்கிற ஐ.சி. எனக்கு வேணாம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அந்த மூன்று வரிகளில் எழுத வேண்டியதை ஒரு சத்தியக் கடிதமாக எழுதி, உறுதிமொழி ஆணையரிடம் கையெழுத்திட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சொல்லிவிட்டேன். ஆனால் எழுதினேனா? இரண்டு நாள் எழுதவில்லை. இதையும் ஒளிக்க விரும்பவில்லை. விஷயத்தைச் சொன்னதும் உதவியாளர் நோட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இத எவனாச்சும் படம் புடிச்சு வாட்சப்ல போட்டான்னா அடுத்த தடவ சீட்டு கெடைக்காது வைபி. மொத நாளு நாடாளுமன்றத்துல அழ வச்சாங்க, பாத்தா லெட்டர் அவங்க பையிலதான் இருந்துச்சுன்னு போடுவான். அந்த அண்ணனே மறந்துட்டேன்னு எழுதுறேங்கிறாரு. விடுங்கலா."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. அந்த நாற்காலி எனக்குப் பிடித்திருந்தது. எனக்கும் ஆசை உண்டு, நான் ஒன்றும் சாமியார் இல்லை. இன்னும் பத்து நாள் இருக்கிறது, எட்டு நாள் இருக்கிறது என்று தள்ளினேன். ஒரு காலை, குளியலறையில் பல் துலக்கும்போது, சாட்சிக்கு வந்து உட்கார்ந்திருந்த அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்களின் நினைவு வந்தது. அவர்களும் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டுதானே வந்திருப்பார்கள். வாயைக் கொப்பளித்துவிட்டு உட்கார்ந்து எழுதினேன்.

முதலில் எழுதியது ஒரு பக்கம். பணிச்சுமை, மக்கள் பணி, எதிர்பாராத சூழ்நிலை என்று ஒரே தோரணம். படித்துப் பார்த்தால் காலை நிகழ்ச்சி. கிழித்துப் போட்டேன். கடைசியில் நின்றது நாலு வரி: இந்தக் கடிதத்தை இந்த நாளில் விண்ணப்பதாரரின் தகப்பனார் என் கையில் கொடுத்தார். நான் வழிகாட்டுவதாகச் சொன்னேன். கடிதத்தைப் படிக்காமல் மறந்துவிட்டேன். என் சொல்லை நம்பித்தான் அவர் போகவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்த உறுதிமொழி ஆணையர் அதைப் படித்துவிட்டு, "நல்லா யோசிச்சுட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். முத்திரை குத்தினார்.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது மூவரும் புத்ராஜெயாவில் உள்ள பதிவுத் துறை அலுவலகத்துக்குப் போனோம். வைபி என்று சொல்லி உள்ளே போகலாம் என்று உதவியாளர் சொல்லியிருந்தார். அதற்குள் மகள் போய் எண் சீட்டு எடுத்துவிட்டாள். இரண்டரை மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். திரையில் எண்கள் மாறின. அண்ணன் அதே சட்டையைத்தான் போட்டிருந்தார் என்று நினைக்கிறேன், கேட்கவில்லை. நான் பேசவும் இல்லை, கால் மட்டும் தானாக ஆடிக்கொண்டே இருந்தது. அவள் ஒரு முறை என் முழங்காலைப் பார்த்தாள். நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஆடியது.

முகப்பில் இருந்த மலாய்ப் பெண் அதிகாரி பாரத்தைப் படித்தார். பிறகு என் சத்தியக் கடிதத்தைப் படித்தார். தலையை நிமிர்த்தி, "இதில் உள்ளவர் நீங்கள்தானா?" என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்றேன். இன்னும் ஒரு முறை படித்தார். மேலே அனுப்புவதாகவும், முடிவு என்ன ஆகும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றும் சொல்லி, நகல்களில் முத்திரை வைத்துக் கொடுத்தார். நகல்களை வழக்கப்படி நான்தான் வாங்கினேன், வழக்கப்படி கைப்பையில் வைத்தேன்.

இதை எழுதுகிற இன்றுவரை முடிவு வரவில்லை. என் கடிதமும் இன்னும் வாட்சப்புக்கு வரவில்லை. இரண்டும் எந்த நாளும் வரலாம். தொலைபேசி அடித்தால் தூக்கிவாரிப் போடுகிறது.

அன்று அங்கிருந்து வெளியே வந்து கார் நிறுத்துமிடத்தில் நின்றோம். நல்ல வெயில். அண்ணன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். லோரியில் என் குரலைக் கேட்டவரின் முகம்தான் அது, இத்தனைக்குப் பிறகும்.

"இந்தத் தடவ கெடச்சிடும்லம்மா?"

என் குரல் தானாகவே தாழ்ந்து தயாரானது. வாய்வரை வந்துவிட்டது. அவர் மகள் கார்க் கதவைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாலு. ஐந்து. ஆறு, ஏழு. யாராவது ஓடி வந்து என்னைக் காப்பாற்ற மாட்டார்களா என்று இருந்தது. பத்து வந்தது, போனது. எந்த விளக்கும் மின்னவில்லை. அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் எதையோ கேட்டுக்கொண்டிருப்பவர்போல நின்றார்.

"தெரியாதாம்மா?" என்றார்.

"தெரியலண்ணே."

அவர் தலையை ஆட்டினார். இரண்டு முறை ஆட்டினார். பிறகு கையை நீட்டினார்.

"அந்தக் காப்பிய எங்கிட்ட குடுத்துருங்கம்மா. இனிமே நானே பாத்துக்கிறேன்."

கைப்பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன்.